சொந்த விருப்பத்தில் இருபத்திரண்டு பேர்

ஹூரான் ஏரி, ‘எட்னா மர்ரே’ கப்பல்
மே 6, 2018

ஹார்லன் அண்ணாவுக்கு லோர்னா எழுதுவது.

நான் சுகம். கையில் எண்ணெய் தெறித்த இடம் காய்ந்து தோல் உரிகிறது. டெல்லா அண்ணிக்கு இடுப்பு வலி தேவலையா? உன் செல்ல மகள் ஹேட்டியின் ரத்தச் சர்க்கரை இப்போது எவ்வளவில் நிற்கிறது? இதற்கெல்லாம் பதில் எழுது. பிறகு கீழே கேட்டிருப்பதற்கும் எழுது.

நேற்று டெட்ராய்ட் ஆற்றைக் கடக்கும்போது அஞ்சல் படகு வந்தது. கயிற்று வாளியில் நம் டன்லாப் ஊர்ப் பத்திரிகை மூன்று வாரத்துக்கானது மொத்தமாக மேலே ஏறியது. மாநில செனட் தேர்தலுக்கு யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்று ஆறாம் பக்கத்தில் பட்டியல். ‘ஹார்லன் டேக்கெட், பேக்கிங் பிரிவு ஃபோர்மேன், கிரான்வெல் கதவு ஆலை, 2,000 டாலர்.’ வாங்கிக்கொண்டவன் கர்டிஸ் வேன். உன் முதலாளியின் மருமகன். ஏழைகளின் மருந்துச் செலவுக்கு அரசாங்கம் ஏன் அழ வேண்டும் என்று மேடைக்கு மேடை கேட்கிறவன்.

நான் அதைச் சத்தமாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. தலைமைச் சமையல்காரர் டஃபி எட்டிப் பார்த்தார். “உங்க அண்ணன் பெரிய கையா இருப்பார் போலிருக்கே. நம்ம அடுப்புக்கு ஒரு புகைபோக்கி கேட்டுப் பாரேன்” என்றார். “ரெண்டு வருஷமா ஒரே பூட்ஸத் தச்சுத் தச்சுப் போடறவர் அவர்” என்றேன்.

இந்தக் கப்பலில் உன்னைப் பற்றி எத்தனை கதை சொல்லியிருக்கிறேன் தெரியுமா? இனிமேல் என்ன சொல்ல?

அண்ணிக்கும் ஹேட்டிக்கும் என் முத்தம். உனக்கு இந்தத் தடவை கிடையாது.

லோர்னா


டன்லாப், ஒஹாயோ
மே 19, 2018

அன்புள்ள லோர்னாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கைப்புண்ணைத் தண்ணீரில் நனைய விடாதே. டெல்லாவுக்கு இடுப்பு பரவாயில்லை. ஹேட்டி பள்ளி ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஊசி முனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். அளவு நன்றாகவே இருக்கிறது.

பின்பக்கக் கூரை ஒழுகுகிறது. சனிக்கிழமை ஏறிப் பார்க்க வேண்டும். இந்த வருடம் மேப்பிள் மரம் தாமதமாகத் துளிர்த்தது.

பத்திரிகையில் வந்தது சரிதான். ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம் இருக்கும். இதைப் பற்றி ஃபோனில் கேட்காதே. கரைப்பக்கம் சிக்னல் கிடைத்து நீ கூப்பிட்டால் மழை, வெயில் பற்றிப் பேசலாம்.

குளிர் இன்னும் போகவில்லை, காதை மூடிக்கொள்.

ஹார்லன்


டுலூத் துறைமுகம்
மே 28, 2018

அண்ணா,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு இல்லை. நீங்கள் மூவரும் நலம் என்று படித்தபோது மட்டும் சந்தோஷம்.

பட்டியலை மறுபடி எடுத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். கிரான்வெல் ஆலையில் இருந்து இருபத்திரண்டு பேர். எல்லோரும் ஃபோர்மேன் அல்லது ஆபீஸ் ஆட்கள். எல்லோரும் இரண்டாயிரம். எல்லோரும் பிப்ரவரி பதினாறாம் தேதி. இருபத்திரண்டு பேருக்கு ஒரே நாளில் ஒரே ஆள் மேல் ஒரே விலையில் பிரியம் வந்ததா? அதில் பசைப் பிரிவு லெஸ்டர் வேறு. அவன் வீட்டு டிவியை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறான். தேர்தல் என்றாலே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவன் அவன்.

மழை வெயில் எனக்கு வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது?

அண்ணியை எடை தூக்க விடாதே.

லோர்னா


டன்லாப்
ஜூலை 2, 2018

அன்புள்ள லோர்னா,

பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது. நாங்கள் எல்லோரும் சுகம். நீ சுகமா? கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

பிப்ரவரியில் அந்த வெள்ளிக்கிழமை ஃபோர்மேன்களையும் ஆபீஸ் ஆட்களையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். டோனட் வாங்கி வைத்திருந்தார்கள். திரு. கிரான்வெல் வந்து, இந்த வருடம் நமக்கெல்லாம் சிறப்பு போனஸ் என்றார். கை தட்டினோம். வரி பிடித்தது போகக் கையில் சரியாக இரண்டாயிரம் வருகிற மாதிரிக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அப்போதே எனக்கு என்னவோ போல இருந்தது. போனஸ் எப்போதும் முழுத் தொகையாக வராது, சில்லறையோடுதான் வரும்.

அவர் போன பிறகு ஆபீஸ் மேனேஜர் கானி, பூர்த்தி செய்த படிவங்களோடு மேஜை மேஜையாக வந்தாள்.

“கர்டிஸுக்கு நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி உதவணும். செக் புத்தகம் கொண்டுவரச் சொன்னேனே, இருக்கா?”

லெஸ்டர், “நான் கொண்டுவர மறந்துட்டேன்” என்றான்.

“வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வாங்க, காத்திருக்கேன். உங்களுக்கு ஒரு மணி நேரச் சம்பளம் பிடிக்க மாட்டாங்க.”

“சொந்த விருப்பத்தில் கொடுக்கிறேன்” என்று படிவத்திலேயே அச்சடித்திருந்தது. கையெழுத்து மட்டும் நம்முடையது.

நீ கேட்கும் முன்பே சொல்கிறேன். ஹேட்டிக்கு மாதம் மூன்று குப்பி இன்சுலின். கடையில் ஒரு குப்பி முந்நூறு டாலர். கம்பெனி இன்ஷூரன்ஸ் இருப்பதால் எங்களுக்கு இருபத்தைந்து. கானி என் முன்னால் வந்து நின்றபோது அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அந்த இருபத்தைந்துதான் தெரிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏரியில் புயல் நாட்களில் டெக்கில் நிற்காதே.

ஹார்லன்


சுப்பீரியர் ஏரி
ஜூலை 11, 2018

அன்பு அண்ணா,

எல்லோரும் நலமாக இருங்கள், நானும் இருக்கிறேன். கடிதத்தை அடுப்பில் போட்டேன். “புது மசாலாவா?” என்றார் டஃபி.

மே மாதம் நான் எழுதியதை மன்னித்துவிடு. உன்னைக் கேட்டிருக்கக் கூடாது, அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். கொள்ளை அடிக்கிறவன்கூடத் தன் கையால் அடிக்கிறான். இவர்கள் ஒரு நோயாளிப் பெண்ணின் மருந்துக் குப்பியைக் காட்டி, அவள் அப்பன் கையாலேயே மருமகனுக்கு மொய் எழுத வைக்கிறார்கள். சட்டப்படி ஒரு முதலாளி இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று இருக்கும். அதனால் அவருக்கு இருபத்திரண்டு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. நீங்கள் கதவு செய்கிறவர்கள் இல்லை, அவருக்கு. பெயர்கள்.

ஒன்பது வருடம் முன்பு தடுப்புக் கம்பி இல்லாத அழுத்து இயந்திரத்தை நீ நிறுத்தியதும், மேலிருந்து ஆள் வந்து கத்தியும் சாவியைக் கொடுக்காததும் நான் மறக்கவில்லை. நீ அதே ஆள்தான்.

யாரிடமாவது புகார் சொல்ல முடியாதா? யோசி.

ஹேட்டியிடம் இதைக் காட்டாதே. ஐஸ்கிரீம் விஷயத்தில் அவளை நம்பாதே.

லோர்னா


டன்லாப்
ஆகஸ்ட் 26, 2018

அன்புள்ள லோர்னாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

புகார் சொல்லத் தேவையே இல்லாமல் போய்விட்டது. உன்னைப் போலவே யாரோ பட்டியலில் கோடு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாநிலத் தேர்தல் ஆணையத்தில் இருந்து விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். வங்கியில் இருந்து இருபத்திரண்டு செக்குகளின் நகலும் வாங்கி வந்திருந்தார். செக்கின் இடது மூலையில் ‘எதற்காக’ என்று ஒரு கோடு இருக்கும் அல்லவா? யாரும் அதை நிரப்புவதில்லை. இருபத்தொன்றில் அது காலி. என்னுடையதில் இப்படி இருந்தது: ‘திரு. கிரான்வெல் இன்று கொடுத்த போனஸ், கானி சொன்னபடி.’

அடுத்த நாள் கம்பெனி வக்கீல் ஏம்ஸ் என்னை அறையில் உட்கார வைத்தார்.

“யாருய்யா அந்தக் கோட்டுல எழுதுவா? என் வயசுக்கு நான் எழுதினதில்ல.”

“பழக்கம் சார். கரண்ட் பில்லுக்கும் எழுதுவேன்.”

“கரண்ட் பில்லுக்கு என்ன எழுதுவே?”

“கரண்ட்டுன்னு.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அக்டோபர்ல கொலம்பஸ்ல விசாரணை. எல்லாரும் சத்தியம் பண்ணிச் சொல்லப் போறாங்க. மத்த இருபத்தொரு பேரும் சொந்த விருப்பம்னு சொல்லியாச்சு. நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். அன்னிக்கு போனஸ் வந்த சந்தோஷத்துல ஏதோ குழப்பமா எழுதிட்டேன்னு சொல்லு, போதும். உனக்கு ஒரு பொண்ணு இருக்கா இல்ல?”

“இருக்கா சார்.”

“நல்லா இருக்கட்டும்.”

அவ்வளவுதான் நடந்தது.

ஹார்லன்


எரீ ஏரி
செப்டம்பர் 5, 2018

அன்பு அண்ணா,

நான் நலம். நீங்கள் மூவரும் எப்படி என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

முதலில் ஒன்று சொல். நீ அதைப் பழக்கத்தில் எழுதினாயா, தெரிந்தே எழுதினாயா? எனக்கு மட்டும் சொல், இதையும் எரித்துவிடுகிறேன்.

இரண்டாவது. மூன்று நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஏம்ஸ் சொன்னதைச் சொல்லிவிடு. குழப்பம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. ஜூலையில் புகார் சொல் என்று குதித்தவள்தான் இப்போது இப்படி எழுதுகிறேன். எனக்கு இங்கே யூனியன் இருக்கிறது, மாதாமாதம் சம்பளம் வருகிறது, எனக்குக் குழந்தை இல்லை. தண்ணீர் நடுவில் இருந்துகொண்டு கோபப்படுவது சுலபம். ஹேட்டிக்கு வருடத்தில் முப்பத்தாறு குப்பி வேண்டும். இருபத்தொரு பேர் சொன்ன பொய்யை இருபத்திரண்டாவது ஆளும் சொன்னால் உலகம் இதற்கு மேல் கெட்டுப்போய்விடாது.

ஆமாம், நான்தான் சொல்கிறேன்.

அண்ணியிடம் என் அன்பைச் சொல். பதில் போடு, சீக்கிரம்.

லோர்னா


டன்லாப்
அக்டோபர் 14, 2018

அன்புள்ள லோர்னா அத்தைக்கு,

ஹேட்டி எழுதுகிறேன். நீங்கள் சௌக்கியமா? கப்பலில் இன்னும் அந்தப் பச்சை நிற ஜெல்லிதானா? நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவும். அப்பா உங்களுக்குப் பதில் போடவில்லை என்று தெரியும். நாலு தடவை காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு மடித்துவிட்டார். உங்கள் கடிதத்தை நான் படித்தேன். மன்னிக்கவும், அது சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அந்த இடத்தை நான் பார்க்க மாட்டேன் என்று நினைத்துவிட்டார்.

வியாழக்கிழமை கொலம்பஸுக்கு நானும் போனேன். பள்ளிக்கு லீவு போட அம்மா சம்மதிக்கவில்லை, நான் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பாதி வழி வரை அப்பா ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம் நானே சொன்னேன். “அப்பா, என்னைய ஒரு சாக்கா வெச்சுக்காதீங்க. வேற சாக்கு வேணும்னா தேடிக்கோங்க.” இறங்க வேண்டிய சாலையை அவர் தவறவிட்டதில் ஒன்பது மைல் தாண்டிப் போய்த் திரும்பினோம்.

விசாரணை அறை எங்கள் பள்ளி நூலகம் மாதிரிச் சின்னது. லெஸ்டர் அங்கிள் அப்பாவுக்கு முன்னால் போனார். “சொந்த விருப்பம்” என்றார். குனிந்தே சொன்னார். அதிகாரி, “வேட்பாளரோட கொள்கைல உங்களுக்குப் பிடிச்சது எது?” என்று கேட்டார். லெஸ்டர் அங்கிள் ரொம்ப நேரம் யோசித்து, “குடும்பம்” என்றார்.

அப்புறம் அப்பா. நடந்ததை நடந்தபடி சொன்னார். டோனட்டைக்கூட விடவில்லை. நடுவில் ஏம்ஸ் எழுந்தார்.

“மிஸ்டர் டேக்கெட், உங்க நெத்தியில துப்பாக்கி வெச்சு யாராவது கையெழுத்து வாங்கினாங்களா?”

“இல்ல சார்.”

“மாட்டேன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொல்லியிருக்கலாம். சொல்லல. அது என் தப்பு. அத எழுதிக்கோங்க.”

“அப்ப வேட்பாளருக்கு ஆதரவாத்தானே கொடுத்தீங்க?”

“சார், ரெண்டாயிரம் கொடுத்தேன். ஓட்டு மட்டும் கொடுக்கறதா இல்ல. அதுக்கு யாரும் போனஸ் தரல.”

அந்தப் பெண் அதிகாரி காகிதத்தால் வாயை மூடிக்கொண்டார். பின்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். திரும்பிப் பார்த்தேன். கானி. உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தை, அந்த நாற்காலியில் அப்பா கல்யாண வீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார். குரல் நடுங்கவில்லை. எனக்கு அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது. திரும்பி வரும்போது இரண்டு பேரும் பர்கர் சாப்பிட்டோம். அளவு பார்த்துத்தான் சாப்பிட்டேன்.

ஏரியில் விழுந்துவிடாதீர்கள்.

உங்கள் ஹேட்டி


டெட்ராய்ட் ஆறு
அக்டோபர் 25, 2018

அன்பு அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் நலம். எவ்வளவு நலம் என்றால், ஹேட்டியின் கடிதத்தை இருபத்தாறு பேர் இருந்த சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று படித்தேன். ஓட்டு பற்றிய இடம் வந்ததும் இயந்திர அறை ஆட்கள் மேஜையைத் தட்டினார்கள். டஃபி தொப்பியைக் கழற்றினார். கழற்றி நான் பார்த்ததில்லை. வழுக்கை.

செப்டம்பரில் நான் எழுதியதை எடுத்துக் கிழித்துப் போடு. வேண்டாம், வைத்திரு. நான் என்ன சொன்னேன், நீ என்ன செய்தாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கட்டும்.

தலை நிமிர்ந்து எழுதுகிறேன்: நீ என் அண்ணன். ஆனால் ஆலையில் என்ன சொல்கிறார்கள்? செக் பற்றியும் நீ இன்னும் சொல்லவில்லை.

அண்ணிக்கும் பந்தயக்காரிக்கும் அன்பு.

லோர்னா


டன்லாப்
நவம்பர் 18, 2018

அன்புள்ள லோர்னாவுக்கு,

உன் உடம்பு எப்படி? கடிதம் படித்து டெல்லா அழுதாள், நல்லபடியாகத்தான்.

ஒன்பதாம் தேதி வேலை போய்விட்டது. ‘ஆட்குறைப்பு’ என்று எழுதிக் கொடுத்தார்கள். குறைக்கப்பட்டது ஒரே ஆள், நான். கர்டிஸ் வேன் ஜெயித்துவிட்டான். ஆணையம் கம்பெனிக்கு அபராதம் போட்டது. அது திரு. கிரான்வெல்லின் படகுக்குப் போடும் பெட்ரோலுக்குச் சமம் என்கிறார்கள். அடுத்தவர் பணத்துக்கு என் பெயரைக் கொடுத்ததற்காக ஆணையத்தில் இருந்து எனக்கும் ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அது நியாயம்தான்.

இன்ஷூரன்ஸ் இந்த மாதம் முப்பதாம் தேதி வரை. சொந்தக் காசில் தொடரலாம் என்று படிவம் அனுப்பினார்கள். தொகையைப் பார்த்துவிட்டு டெல்லா படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள். நாற்பது மைல் சுற்றளவில் ஏழு இடத்தில் வேலை கேட்டேன். பெயரைச் சொன்னதும், “ஓ, நீங்கதானா?” என்று கையைக் குலுக்குகிறார்கள். பிறகு ஆள் தேவையில்லை என்கிறார்கள்.

நேற்று டெல்லா ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஹேட்டி ஒரு வாரமாக இன்சுலினைக் குறைத்துக் குறைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள், குப்பி நீடிக்கட்டும் என்று. ஓட்டப்பந்தயத்தை விட்டுவிட்டதற்குக் கால்வலி என்று சொல்லியிருந்தாள்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஹார்லன்


மிஷிகன் ஏரி
நவம்பர் 27, 2018

அண்ணா,

நலம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. ஹேட்டியை முழு அளவு போடச் சொல். அவள் எதிரில் நின்று பார். இத்துடன் இருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பினால் உன்னோடு பேச மாட்டேன். ஜனவரி நடுவில் கப்பல் பனிக்கால ஓய்வுக்கு நிற்கும். அன்றே பஸ் ஏறி வருகிறேன்.

முழு அளவு.

லோர்னா


டன்லாப்
டிசம்பர் 23, 2018

அன்புள்ள லோர்னாவுக்கு,

பண்டிகை வாழ்த்து. ஏரியில் பனிக்கட்டி மிதக்க ஆரம்பித்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள், பத்திரம். டெல்லாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஹேட்டி முழு அளவு போடுகிறாள். எதிரில் நின்று பார்க்கிறேன். முறைக்கிறாள்.

நீ அனுப்பியதில் இரண்டு குப்பி வாங்கினோம். மீதியை வைத்திருக்கிறோம். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மாதம் முதல் ஞாயிறு, டெல்லாவின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு மதியம் திரும்பினோம். பின்வாசல் படியில் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது. ஆலையில் எல்லோரும் சூப் கொண்டுவரும் மாதிரி. உள்ளே பசைப் பிரிவில் போடும் பருத்திக் கையுறை, அதற்குள் இரண்டு குப்பி இன்சுலின். பனியில் உறைந்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். குப்பியில் ஒட்டிய சீட்டில் நோயாளியின் பெயரை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்திருந்தது. மருந்துக் கடைக்காரரிடம் காட்டினோம். சீல் உடையவில்லை, தேதி இருக்கிறது, ஹேட்டிக்கு ஆகும் மருந்துதான் என்றார். எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை.

டெல்லா ஃபிளாஸ்க்கைக் கழுவி அதே படியில் வைத்தாள். அடுத்த ஞாயிறும் இருந்தது. இந்தத் தடவை ஒரு குப்பி வேறு கம்பெனியுடையது. அப்படியென்றால் ஒரு ஆள் இல்லை. ஆலையில் வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இருக்கும் குடும்பம் ஏழு. எனக்கு ஏழும் தெரியும். அதில் நாலு பேர் கொலம்பஸில் எனக்கு முன்னால் கையை உயர்த்திச் சத்தியம் செய்தவர்கள். பெட்ரோல் பங்க்கில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும். கானியின் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு.

ஆலைக்குத் தெரிந்தால் அவர்களுக்கும் வேலை போகும். எனக்குத் தெரிந்தால், யாராவது என்னை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டால், நான் உண்மையைத்தான் சொல்வேன். எனக்கு வேறு மாதிரி வரவில்லை. அதனால் தெரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும்.

இருபது வருடமாகப் பாதிரியார் கூப்பிட்டும் போகாதவன், இப்போது ஒரு ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறேன். பத்து மணிக்கு மூன்று பேரும் புறப்பட்டுவிடுவோம். போன வாரம் டெல்லாவைக் காய்ச்சலோடு கம்பளி சுற்றிக் கூட்டிப்போனேன். பிரார்த்தனை பதினொன்றரைக்கே முடிந்துவிடுகிறது. மீதி அரை மணி நேரம் சர்ச் வாசலில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருக்கிறோம். ஹேட்டி வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

ஜனவரியில் நீ வருவது எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வராதே. வந்தாலும் ஊரில் எங்காவது காபி குடித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வா.

ஹார்லன்